மினுக்க மினுக்கத் தேயும்

கரும்பு, நெல்லு, மாடுன்னு எழுதிட்டிருந்த ஆளு இன்னிக்குக் கைத்துப்பாக்கி பத்தி எழுதறானேன்னு பட்டணத்து நண்பர்கள் நினைக்கலாம். கிராமத்துலயும் லைசென்ஸ் துப்பாக்கி உண்டுங்க. பயிரைக் காக்க ஒற்றைக்குழல் துப்பாக்கி வச்சிருக்கிறவங்க இருக்காங்க. பட்டாளத்துல இருந்து ஓய்வு பெற்று வந்து, பிஸ்டலோ ரிவால்வரோ வச்சிருக்கிறவங்களும் இருக்காங்க. அதைப் பாதுகாக்கிறேன்னு சொல்லிக்கிட்டு நாம செய்யற வேலைகள்ல பாதி அதை அழிக்கிற வேலைன்னு எனக்குப் படுது. அதைத்தான் இங்க சொல்ல வரேன்.

மண்வெட்டியைப் பாருங்க. தினமும் மண்ணுல இறங்கற மண்வெட்டி வெள்ளி மாதிரி மின்னும். ஆனா வருஷா வருஷம் அதோட இலை குட்டையாகிட்டே வரும். அந்த மினுமினுப்பு தேய்மானத்தோட மினுமினுப்பு. மண்வெட்டிக்கு அதனால நஷ்டம் இல்ல, தேஞ்சா வேற வாங்கிக்கலாம். கரும்பு வெட்டற கத்தியும் அப்படித்தான், காலையில தீட்டினா புது முகம் வந்துடும். கைத்துப்பாக்கிக்கு அப்படி இல்ல. அதோட பளபளப்பு இரும்போட பளபளப்பே இல்ல. மேல பூசின தோல் அது.

அந்தத் தோல்ல பெரும்பாலும் ரெண்டு வகை. ஒண்ணு நிக்கல் முலாம். வெள்ளையா, கண்ணாடி மாதிரி இருக்கும். இன்னொண்ணு கருநீலமா இருக்கிற ‘புளூயிங்’. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைச்ச தண்ணியை 140 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாக்கி, அதுல இரும்பை முக்கி எடுத்தா மேல ஒரு கருப்புப் படலம் வரும். அதுவும் ஒரு வகை துருதான். நல்ல துருவை வச்சுக் கெட்ட துருவைத் தடுக்கிற வித்தை. நிக்கல் பூச்சு தலைமுடி கனத்துல பாதிகூட வராது. புளூயிங் அதைவிட மெல்லிசு. இந்தத் தோலைத்தான் நாம புளி போட்டும் பாலிஷ் போட்டும் தேய்க்கிறோம்.

சொந்தத்துல ஒரு அண்ணன், பட்டாளத்துல இருந்து வந்தவர். லைசென்ஸோட பழைய நிக்கல் பிஸ்டல் ஒண்ணு வச்சிருக்கார். 2024 நாடாளுமன்றத் தேர்தலப்ப மத்தவங்களைப் போல அவரும் கொண்டுபோய் ஒப்படைச்சார். மார்ச் 16 தேர்தல் அறிவிப்பு. நமக்கு ஏப்ரல் 19 ஓட்டு. ஆனா எண்ணிக்கை ஜூன் 4. கணக்குப் போட்டா 80 நாள். தோல் உறையோடவே கொடுத்திருந்தார், அப்படியே பெட்டியில கிடந்திருக்கு. திரும்பி வந்தப்ப உறை ஒட்டியிருந்த பக்கம் பூரா மிளகு தூவின மாதிரி செம்புள்ளி. “தம்பி, பித்தளை பாலிஷ் இருந்தா எடு, ரெண்டு தேய் தேய்ச்சா போயிடும்”னார். நல்லவேளை, அதுக்கு முன்னாடி லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர் ஒருத்தர்கிட்ட காட்டினோம். “பாலிஷ் பக்கமே போகாதீங்க”ன்னுட்டார் அவர்.

காரணம் நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான். ஜி.ஐ. பக்கெட்டுல கீறல் விழுந்தாலும் சீக்கிரம் துருப்பிடிக்காது. மேல இருக்கிற துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாத்தும். நிக்கல் அதுக்கு நேர் எதிர். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாப் போதும், தான் சௌக்கியமா இருந்துக்கிட்டு அடியில இருக்கிற இரும்பைத் துருவுக்கு விட்டுக்கொடுத்துடும். துரு உள்ளுக்குள்ளயே பரவி, பூச்சு கொப்புளிச்சு, செதில் செதிலா உரியும். தேய்க்கிறப்ப அந்த ஓட்டையைத்தான் பெருசாக்கறோம். பித்தளை பாலிஷ் பலதுலயும் அம்மோனியா இருக்கும். நிக்கலுக்கு அடியில செம்புப் பூச்சு கொடுத்திருந்தா, ஓட்டை வழியா இறங்கி அதை அரிச்சுடும். புளி, எலுமிச்சை புளூயிங் மேல பட்டா கருப்பு போய் வெள்ளை இரும்பு தெரியும்.

இதுல சட்டமும் இருக்கு. துப்பாக்கி உடம்புல தயாரிப்பாளர் பேரும் நம்பரும் பொறிச்சிருக்கும். ஆயுதச் சட்டம் 1959, 8வது பிரிவுப்படி அந்த அடையாளத்தை அழிக்கக் கூடாது. அழிஞ்ச துப்பாக்கி ஒருத்தர் கையில இருந்தா, அவர்தான் அழிச்சார்னு சட்டம் எடுத்துக்கும். இல்லேன்னு நிரூபிக்கிற பாரம் அவர் தலையில. பத்து வருஷம் ஆசை ஆசையா மினுக்கி நம்பர் மழுங்கிப் போனா, லைசென்ஸ் புதுப்பிக்கப் போற இடத்துல என்ன பதில் சொல்றது? முலாம் போயிடுச்சுன்னு பாத்திரத்துக்கு ஈயம் பூசற மாதிரி எந்தப் பட்டறையிலயும் கொடுத்துட முடியாது. துப்பாக்கி ரிப்பேருக்கே தனி லைசென்ஸ் வேணும்னு 5வது பிரிவு சொல்லுது.

அப்புறம் ஆயுத பூஜை. நானும் கலப்பை, அரிவாள், பம்புசெட்டுக்கு எல்லாம் பொட்டு வைக்கிறவன்தான். பக்தியில குறை சொல்லலை. ஆனா சந்தனம் ஈரம். அதைத் துப்பாக்கி மேல அப்பி, குங்குமம் வச்சு, மறுநாள் வரைக்கும் விட்டா பொட்டு வச்ச இடத்துல வட்டமா துரு நிக்கும். பொட்டைப் பெட்டி மேல வையுங்க. சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதல்ல குண்டை எடுத்துட்டு, உள்ள எதுவும் இல்லைன்னு ரெண்டு தடவை பாக்கணும். பழைய பருத்தி வேட்டித் துணியால கைரேகையைத் துடைக்கணும். வேர்வையில உப்பு இருக்கு, தொட்டுட்டுத் துடைக்காம விட்டா கைரேகை வடிவத்துலயே துரு வரும். அப்புறம் ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசா தடவினாப் போதும். தேங்காயெண்ணெய் சிக்குப் பிடிக்கும், நல்லெண்ணெய் பிசினாயிடும், மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்குமே தவிர துருவைத் தடுக்காது. தோல் உறை இடுப்புல போட்டுக்கிறதுக்கு, உள்ள வச்சுப் பூட்டறதுக்கு இல்ல. தோல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும். எங்க நெல்லிக்குப்பத்துக்குக் கடலூர் கடல் ரொம்பத் தூரமில்ல. கிழக்கே இருந்து வர்ற உப்புக் காத்துல சைக்கிள் ரிம்மே புள்ளி விடுது.

கூட ஒண்ணு கவனிச்சுப் பாருங்க. நெய்வேலியில சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் காவல் காக்கிறது மத்திய தொழிற்பாதுகாப்புப் படை. அவங்க கையில இருக்கிற துப்பாக்கி கருப்பா, மங்கலா இருக்கும். பளபளக்காது. வெளிச்சம் பட்டு மின்னினா இருக்கிற இடம் தெரிஞ்சுடும்னு படைத் துப்பாக்கிகளுக்கு மங்கல் பூச்சுதான் கொடுப்பாங்க. துப்பாக்கியே தொழிலா இருக்கிறவனுக்குப் பளபளப்பு வேண்டாம். அப்ப மினுக்கறது யாருக்காக? பாக்கிறவங்களுக்காகத்தான். கல்யாண வீட்டுல இடுப்புல செருகிக் காட்டறதுக்கும், போட்டோ எடுத்துப் போடறதுக்கும்தான். 2019ல ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டத்துல மத்தவங்க உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி சுட்டா ரெண்டு வருஷம் வரை சிறைன்னு எழுத வேண்டி வந்ததே இந்தக் காட்டற புத்தியாலதான். துப்பாக்கியைக் காட்டாம வச்சிருக்கிறவன் அதை நல்லாவும் வச்சிருப்பான்ங்கிறது நான் பாத்தவரைக்கும் நிஜம்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. தேர்தல் நேரத்துல ஆயுதத்தை வாங்கி வைக்கிறது சரிதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா வாங்கறப்ப உறையைக் கழட்டி, எண்ணெய் போட்டு, தனிப் பையில வச்சு, எந்த நிலையில வாங்கினோம்னு ரசீதுல ரெண்டு வரி எழுதினா என்ன குறைஞ்சுடும்? எண்ணெய்ச் செலவு உரிமையாளருடையதாவே இருக்கட்டும். பொருள் கொடுக்கிறவனுக்கும் பொறுப்பு, வாங்கி வைக்கிறவனுக்கும் பொறுப்பு.

அண்ணன் பிஸ்டல்ல அந்தப் புள்ளிகள் இன்னும் இருக்கு. எண்ணெய் போட்டதால மேற்கொண்டு பரவலை. புள்ளியோட இருக்கட்டும்னு விட்டுட்டார். நம்பர் மட்டும் தெளிவா இருக்கு.