கோட்டுக்குக் கீழே ஏழு

விடியக் காலமையே மருமகன் வந்து வாசலில் நின்றான். "மாமா, ஆறு எண்பத்தியொரு மீற்றர் ஏறிட்டுதாம்."

வரைபடத்தில் களப்பு என்று போட்டிருக்கும். மாங்கேணியில் எங்களுக்கு அது ஆறுதான். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் தண்ணீர் ஏறிட்டுது என்று யாரும் பகிடிக்கும் சொல்வதில்லை. அவன் சிரித்துக்கொண்டு சொன்னபடியால், கோளாறு ஆற்றில் இல்லை, அவன் கட்டிய பெட்டியில் என்று விளங்கியது.

பெட்டி சின்னது. உள்ளே ஓர் ஆர்டுயினோ. முகத்தில் நண்டுக் கண் மாதிரி இரண்டு முழிக்கிற அல்ட்ராசோனிக் சென்சர். தோணி கட்டுகிற கம்பில், தண்ணீரைப் பார்க்கத் தொங்கவிட்டிருக்கிறான். கம்பில் சிவப்புப் பெயின்ற்றால் ஒரு கோடு, அதுதான் பூச்சியம். ஏறினால் நேர் எண், வடிந்தால் மறை எண். அலையில் ஒரு வாசிப்பை நம்ப ஏலாது என்று எட்டு வாசிப்பைக் கூட்டிச் சராசரி எடுக்கிறான். எட்டால் வகுக்கவில்லை, பிட்டுகளை மூன்று இடம் வலப்பக்கம் தள்ளியிருந்தான். வகுத்தலைவிடத் தள்ளுவது கெதி என்று எங்கேயோ படித்த கெட்டித்தனம்.

மாரி முழுக்கப் பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. வெயில் பிடித்துத் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கிய அன்று மாட்டிக்கொண்டது. எட்டு வாசிப்பும் -7. கூட்டினால் -56. மூன்று இடம் தள்ளினால் -7 வரவேண்டும். வந்தது 8185 சென்ரிமீற்றர்.

கொப்பியில் கழித்தல் அடையாளம் எண்ணுக்கு முன்னால் தனியே நிற்கும். மெஷினுக்குள் அப்படித் தனிக்கோடு கிடையாது. உயர்தரத்தில் ஐசிரி படிக்கிற பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற இரண்டின் நிரப்பிதான் அங்கே. எட்டுப் பிட்டில் 7 என்றால் 00000111. எல்லாவற்றையும் புரட்டிப்போட்டு 1 கூட்டினால் 11111001, அதுதான் -7. இதை ஓரிடம் வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள். இடது ஓரத்தில் ஓர் இடம் காலியாகும். அதில் பூச்சியத்தை வைத்தால் 01111100, அதாவது 124. ஒன்றை வைத்தால் 11111100, அதாவது -4. வழக்கெல்லாம் இந்த ஒரு காலியிடத்தைப் பற்றித்தான்.

மருமகன் கூட்டுத்தொகையை அன்சைன்ட், அதாவது அடையாளமில்லாத எண், என்று அறிவித்திருந்தான். அதற்குள் -56 போனதும், 16 பிட்டில் 65480 என்று ஆகிவிட்டது. தள்ளத் தள்ள இடப்பக்கம் பூச்சியங்கள் வந்து குந்தின. ஆறு ஏறியது இப்படித்தான்.

அடையாளமுள்ள எண்ணாக இருந்தால் காலியிடத்தில் என்ன வைப்பது? சி மொழி இதற்குப் பதில் சொல்லவில்லை. கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி புத்தகம் வந்தது 1978இல். மட்டக்களப்பாருக்கு அந்த வருசம் என்றால் சூறாவளி. வேறொன்றும் நினைவுக்கு வராது. சில மெஷின்கள் இடது ஓரத்து அடையாளப் பிட்டால் நிரப்பும், பிடிபி-11 அப்படி, சிலது பூச்சியத்தால் நிரப்பும் என்று அந்தப் புத்தகம் ஒதுங்கிக்கொண்டது. பிறகு வந்த தரங்களும் கம்பைலரின் வழக்குப்படி என்று விட்டுவிட்டன. ஊர் வழக்கு மாதிரி: துறைக்குத் துறை வேறாக இருக்கலாம், ஆனால் கேட்டால் சொல்லவேண்டும். மறை எண்ணை இடப்பக்கம் தள்ளுவதற்கோ 1999 தரத்திலிருந்து அந்த வழக்குமில்லை. என்ன நடந்தாலும் கேட்க ஆளில்லை. மறை எண்ணென்றால் இரண்டின் நிரப்பி மட்டுமே என்று சி23 ஒருவழியாக முடிவுகட்டியது. அப்போதுகூட இந்த இரண்டையும் தொடவில்லை. சி++ 2020இலேயே இரண்டையும் தீர்த்துவிட்டது. ஜாவாவோ ஆரம்பத்திலேயே வலப்பக்கத் தள்ளலில் அடையாளப் பிட்டால் நிரப்ப ஒன்று, பூச்சியத்தால் நிரப்ப ஒன்று என்று இரண்டு குறிகளை வைத்துவிட்டது. என்னைக் கேட்டால் அதுதான் நேர்மை.

"அப்ப அன்சைன்டை எடுத்துவிட்டாச் சரிதானே, மாமா?"

எடுத்தான். ஆர்டுயினோவின் கம்பைலர் ஜிசிசி. அதன் வழக்கு அடையாளப் பிட்டால் நிரப்புவது. -7 வந்துவிட்டது. ஆளுக்குப் பெரிய சந்தோசம். பின்னேரம் எட்டு வாசிப்பில் ஒன்று மட்டும் -8 ஆகிக் கூட்டுத்தொகை -57 ஆனது. பெட்டி -8 காட்டியது. கோட்டுக்கு மேலே 57 என்றால் 7தான் காட்டும்.

தள்ளும்போது எண் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் விழும். சியில் வகுத்தால் பூச்சியத்தின் பக்கம் விழும். மறை எண்ணில் இரண்டும் ஒன்றல்ல என்று கணினியியலாளர் கை ஸ்டீல் 1977இலேயே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். -1ஐ எத்தனை தரம் தள்ளினாலும் -1தான், பூச்சியத்துக்கு வரவே வராது. கெதியாக ஓடும் என்று தள்ளவும் தேவையில்லை. எட்டால் வகு என்று எழுதினால், எங்கே தள்ளலாம், தள்ளமுன் எதைக் கூட்டவேண்டும் என்பதைக் கம்பைலர் தானே பார்த்துக்கொள்ளும்.

"வகுத்துவிடு மனே" என்றேன். வகுத்தான். மேலே ஏழு, கீழேயும் ஏழு.

அடுத்த நாள் திரும்பவும் வந்தான். "மாமா, இப்ப பூச்சியத்தில கனநேரம் நிக்குது."

நிற்கத்தானே செய்யும். கூட்டுத்தொகை -7 தொடங்கி 7 வரை எதுவானாலும் எட்டால் வகுத்தால் பூச்சியம். மற்ற எண்களுக்கு எட்டுத் தொகைதான், பூச்சியத்துக்குப் பதினைந்து. தோணி கட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். "ஆறு வடியுது தம்பி, உன்ர பெட்டிதான் அசையுதில்ல" என்றுவிட்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.