தோட்டா படாத சாவு

1918 டிசம்பரில் அமெரிக்காவின் சியாட்டிலில் எடுத்த படம் ஒன்று உண்டு. வரிசையாக நிற்கும் போலீஸார்; முகத்தில் செஞ்சிலுவைச் சங்கம் தைத்துக்கொடுத்த துணிக் கவசம். கவசம் என்று பேர்தான், அப்போது பரவிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்கு அது சல்லடை. சான்ஃப்ரான்சிஸ்கோவில் கவசம் போடாதவர்களைப் பிடித்ததும், ஃபிலடெல்ஃபியாவில் வீடுகளிலிருந்து பிணம் சுமந்ததும் போலீஸார்தான். அந்த வேலையில் காய்ச்சல் தொற்றிச் செத்தவருக்கும், திருடன் சுட்டுச் செத்தவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குண்டடிக்குத்தான் சட்டென்று 'வீரமரணம்' என்ற வார்த்தை வருகிறது. காய்ச்சலென்றால் நாக்கு தயங்குகிறது. கோவிடில் இறந்த காவலரின் சாவைப் பணியில் நேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று அமெரிக்கா சட்டம் போட்டது 2020 ஆகஸ்டில். 1918-இல் தாலியறுத்தவர்களில் (அவர்கள் ஊரில் தாலி ஏது, மோதிரம்) அந்தச் செய்தியைக் கேட்க யார் மிச்சமிருந்தார்கள்?