விதியைப் படிக்காதவர்மீது மட்டும்தான் பழியா?

2016 நவம்பர் 14 அன்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் ஒரு சோதனை மின்னஞ்சல் தவறுதலாகச் சுமார் 8.4 லட்சம் ஊழியர்களுக்குப் போய்விட்டது. அதோடு நின்றிருந்தால் பெரிதாக எதுவும் நடந்திருக்காது. 'என் பெயரை நீக்குங்கள்' என்று சிலர் 'ரிப்ளை ஆல்' அழுத்திப் பதில் போட, அது அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது. எரிச்சலடைந்தவர்கள், 'தயவுசெய்து யாரும் எல்லோருக்கும் பதில் அனுப்பாதீர்கள்' என்று எழுதினார்கள். அதையும் எல்லோருக்குமே அனுப்பினார்கள்! மின்னஞ்சல் சேவையே திணறிப்போனது. 1997இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே இதே கூத்து நடந்திருக்கிறது. ஆகவே, விவரம் தெரியாதவர்கள் செய்யும் வேலை என்று இதைத் தள்ளிவிட முடியாது.

மின்னஞ்சல் குழுக்களிலும் இதே கதைதான். குழுவிலிருந்து விலகும் வழி பெரும்பாலும் மடலின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு மடலிலும் அதே வாசகம் வருவதால் நாளடைவில் கண்ணில் படுவதே இல்லை. பேருந்தில் 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்ற வாசகத்துக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டு போகிறவர்கள் எழுத்தறியாதவர்களா என்ன?

அதைவிட முக்கியம், அறிவுரை வந்துசேரும் நேரம். குழுவில் சேர்ந்த அன்றே வரவேற்பு மடலில் விதிகள் பத்தி பத்தியாக வந்துவிடும். அன்று விலகும் எண்ணமே இல்லாதவர் எதற்காகப் படிப்பார்? விலக நினைக்கும் நாளில் அந்த மடல் எங்கே கிடக்கிறதோ! கைக்கு எட்டுவது பதில் பொத்தான்தான். கணினியைப் பயன்படுத்துபவர்களை ஆராய்ந்த ஜான் கரோல், மேரி பெத் ரோசன் இருவரும் 1987லேயே இதை எழுதினார்கள்: வேலையை முடிக்க வந்தவர், கையேட்டைப் படித்தால் பின்னால் நேரம் மிச்சமாகும் என்றாலும் அதற்காக இப்போது நிற்க மாட்டார். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால், குழு நிர்வாகிகள் செய்வது என்ன? அதே விதிகளைச் சிவப்பு எழுத்தில் மறுபடி அனுப்புவார்கள். மைக்ரோசாஃப்ட் 2020இல் வேறு வழிக்குப் போனது. 5,000 பேருக்கு மேல் போன ஒரு மடலுக்கு ஒரு மணி நேரத்தில் 10 'ரிப்ளை ஆல்' வந்தால், அடுத்த நான்கு மணி நேரம் அந்தத் தொடரையே அடைத்துவிடும் ஏற்பாடு அது. 2024இல் கூகுளும் யாஹூவும், மொத்தமாக விளம்பர மடல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தந்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கின. யாருக்கும் யாரும் பாடம் எடுக்கவில்லை.

நிர்வாகிகளே, விதிகளை மீண்டும் அனுப்புமுன் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். விலகும் இணைப்பை மடலின் முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். பதில் போட்டால் எழுதியவருக்கு மட்டும் போகும்படி குழுவை அமைத்துவிடுங்கள்.