வீட்டு முற்றத்தில் பிரேக் பேட்: முதலில் எதை வாங்குவது?



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும் அவர்களின் வீட்டாரும் பொறுமையாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் இருந்த காரையே ஓட்டினோம். திறந்த பிறகும் விலையைக் கேட்டுவிட்டு, பழைய காரையே கழுவித் துடைத்து வைத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். நமது ஊர் வீதியில் ஓடும் அல்டோ, விட்ஸ், வேகன்ஆர் எல்லாம் வயதாகிவிட்டன. கராஜ் கூலியும் ஏறிவிட்டது. அதனால் பிரேக் பேட்டை வீட்டு முற்றத்திலேயே மாற்றும் தம்பிமார் கூடியிருக்கிறார்கள்.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. முன் சக்கரத்தின் பேட் மாற்றுவது கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். என்னுடைய கவலை, இதற்காக நாம் வாங்கும் சாமான்களைப் பற்றியது. காசு போகக்கூடாத இடத்துக்குப் போகிறது, போக வேண்டிய இடத்தில் கை சுருங்குகிறது.

எல்லா வீட்டிலும் இருக்கும் அந்த 46 பீஸ் பெட்டியைப் பாருங்கள். திறந்தால் பளபளவென்று இருக்கும், விலையும் பரவாயில்லை. ஆனால் அதில் இருப்பது கால் அங்குல ரெச்செட். அதோடு வரும் பெரிய சொக்கெட் 14. வீல் நட்டுக்கு சுசுகி, ஹொண்டாவில் 19 வேண்டும், டொயோட்டாவில் 21 வேண்டும். அது பெட்டியிலேயே இல்லை. கெலிப்பர் போல்ட் 12 அல்லது 14 என்பதால் பெட்டியில் இருக்கிறதே என்று தோன்றும். நமது ஊர் கடற்கரை ஊர். உப்புக் காற்று பட்டு ஏழெட்டு வருடம் துருவேறிய போல்ட்டை அந்தச் சின்ன ரெச்செட்டால் கழற்றப் போனால் ரெச்செட்டின் பல்லு போகும், அல்லது கை விரல் போகும். சைக்கிளுக்கும் தையல் மெசினுக்கும் அது நல்ல பெட்டி. பிரேக் வேலைக்கு இல்லை.

நூற்றுக்கு மேல் பீஸ் உள்ள பெரிய பெட்டி வாங்கினால் சரிதானே என்று கேட்பீர்கள். பேட் மாற்ற அதில் ஆறு ஏழு துண்டுதான் பயன்படும். மிச்சம் பெட்டியிலேயே கிடந்து துருப்பிடிக்கும். அரை அங்குல ரெச்செட் ஒன்று, ஒரு முழம் நீளமுள்ள பார் ஒன்று, 12, 14, 17, 19, 21 சொக்கெட்கள் என்று தனித்தனியாக நல்ல தரத்தில் எடுங்கள். சொக்கெட்டின் உள்ளே பார்த்து, ஆறு மூலை உள்ளதை எடுங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது துருப்பிடித்த போல்ட்டின் தலையை வழித்துவிடும். தலை வழிந்த போல்ட்டோடு கராஜுக்குப் போனால் பேட் கூலியைவிடக் கூட செலவாகும். போல்ட்டுக்கு முதல் நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஸ்டேண்ட்.

காரோடு வரும் கத்தரிக்கோல் ஜேக், ரோட்டில் டயர் காற்றுப் போனால் டயர் மாற்றுவதற்கு. அவ்வளவுதான். பிரேக் வேலையில் நாம் பாரைக் கொழுவி முழுப் பலத்தோடு இழுக்கிறோம். கார் ஆடும். அந்த ஜேக்கின் தலை ஒரு சாண் அகலம்கூட இல்லை. “பேட் மாற்றும்போது காருக்கு அடியில் போவதில்லையே சேர்” என்று ஒரு தம்பி சொன்னார். அடியில் போவதில்லை, உண்மை. ஆனால் இரண்டு கையும் சக்கரக் குழிக்குள் இருக்கும், தலை மட்கார்டுக்குப் பக்கத்தில் இருக்கும், உதவிக்கு நிற்கும் பிள்ளை டோர்ச் அடித்துக்கொண்டு குந்தியிருக்கும். சக்கரம் கழற்றிய கார் இறங்கினால் கையை எடுக்க நேரம் கிடைக்காது. சிறிய விட்ஸ் ஒன்றுகூட சுமார் 1000 கிலோ.

இன்னொன்று, நமது முற்றம் மணல். கராஜ் தரை கொங்கிரீட். மணலில் ஸ்டேண்டின் நான்கு காலும் ஒரே மாதிரி இறங்காது, ஒரு கால் மட்டும் புதையும். தடித்த பலகையைப் போட்டு, அதன் மேல்தான் ஸ்டேண்ட். அதுவும் இல்லாவிட்டால் சீமெந்து போட்ட இடமுள்ள வீட்டுக்குக் காரைக் கொண்டு போங்கள். கட்டிட வேலையில் மிஞ்சிய பொந்துக் கல்லை அடுக்கிக் காரை நிறுத்துபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் கல் சுவர் கட்டுவதற்கு. ஒரு புள்ளியில் பாரம் ஏறினால் முன்னறிவித்தல் இல்லாமல் நொறுங்கும்.

ஸ்டேண்டிலும் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியில் 3 டன் என்று போட்டிருந்தால் அது ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று வாசியுங்கள். பல பெட்டிகளில் ஜோடிக்குத்தான். அமெரிக்காவில் ஹார்பர் பிரெய்ட் என்ற கடைத்தொகுதி 2020இல் தான் விற்ற ஸ்டேண்டுகளில் சுமார் 17 இலட்சத்தைத் திரும்ப அழைத்தது. உள்ளே இருக்கும் பல்லு சரியாகக் கொழுவாமல் ஸ்டேண்ட் திடீரென இறங்கக்கூடும் என்பது காரணம். பெரிய சட்டதிட்டம் உள்ள நாட்டிலேயே அந்த நிலை. ஆகவே குறுக்கே ஆணி செருகும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். ஆணி முழுதாகப் போயிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். பாரம் ஏற்றிய பிறகு காரை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கப் போடுங்கள். அது மேலதிகக் காவல், ஸ்டேண்டுக்குப் பதில் இல்லை.

ஸ்டேண்ட் வாங்க வசதியில்லை என்றால் வேலையைக் கராஜுக்குக் கொடுத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

அடுத்தது டோர்க் ரெஞ்ச். இதற்குத்தான் அதிகம் வாய் தர்க்கம். “பாஸ்மார் கையாலேதானே முறுக்குகிறார்கள்” என்பார்கள். பாஸ் ஒரு நாளைக்குப் பத்துக் காருக்கு முறுக்குகிறார், அவருடைய கைக்கு அளவு தெரியும். நாம் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் முறுக்குகிறோம். பயத்தில் கூட முறுக்குவோம், ஸ்டட் நீளும், ஒரு நாள் முறியும். டொயோட்டாவின் சிறிய கார்கள் பலவற்றுக்கு வீல் நட் 103 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். கெலிப்பர் போல்ட்டுக்கு இதைவிட மிகக் குறைவு. கடையில் கிடைக்கும் அரை அங்குல ரெஞ்ச் பல 28இல் அல்லது 40இல்தான் ஆரம்பிக்கும். 40இல் ஆரம்பிப்பதை வாங்கினால் சின்ன போல்ட்டுக்கு அது உதவாது. எதிலிருந்து எதுவரை என்று கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் அளவை ஆகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள், ஸ்பிரிங் தளராது. நட்டுக் கழற்றுவதற்கு அதைப் பாவிக்க வேண்டாம்.

பட்டறி இம்பெக்ட் கன் இப்போது ஒரு பெஷன். கழற்றுவதற்கு நல்லது. அதாலேயே முறுக்கியும் முடிப்பதுதான் சரியில்லை.

பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்குத் தனிக் கருவி தேவையில்லை. தச்சு வேலைக்காரரின் ஜீ கிளாம்ப் போதும். பழைய பேட்டை நடுவில் வைத்து மெதுவாக இறுக்குங்கள். முதலில் பிரேக் ஒயில் டேங்கைப் பாருங்கள், நிறைந்திருந்தால் வழிந்து பெயின்டைத் தின்னும். பாமசியில் வாங்கும் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடலாம். நமது சிறிய கார்களில் பின்னால் பெரும்பாலும் ட்ரம், அந்த வேலை வேறு. பின்னாலும் டிஸ்க் இருந்து, ஹேண்ட் பிரேக்கும் அதே கெலிப்பரில் இருந்தால் பிஸ்டனைப் பல கார்களில் சுற்றித்தான் இறக்க வேண்டும். கிளாம்ப் போட்டு நெரித்தால் கெலிப்பர் பழுது. அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானாக ஓடக்கூடிய வாகனங்கள் அவை. கெலிப்பர் கழன்றிருக்கும் நேரம் பிஸ்டன் வெளியே தள்ளப்படும். ஹைபிரிட்டின் பிரேக்கை அது தெரிந்தவரிடம் விடுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

சின்னச் சாமான்களும் சொல்லிவிடுகிறேன். இரும்புப் பிரஷ், கெலிப்பரைத் தொங்கவிடக் கட்டுக்கம்பி (ஹோஸில் தொங்கவிடக் கூடாது), பிரேக் கிளீனர், பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ். வீட்டில் கிடக்கும் சாதாரண கிரீஸ் பின்னின் ரப்பரை ஊதவைக்கும். பெற்றோல் போட்டுக் கழுவ வேண்டாம். தூளை வாயால் ஊதவும் வேண்டாம், பழைய பேட்டில் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம். காரை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்து இறுகியதா என்று பாருங்கள்.

இவ்வளவையும் நல்ல தரத்தில் ஒரு வீடு தனியாக வாங்கினால், மிச்சம் பிடிக்க நினைத்த கூலி பல தரம் போய்விடும். ஆகவேதான் பலர் ஸ்டேண்டையும் டோர்க் ரெஞ்சையும் விட்டுவிட்டு 46 பீஸ் பெட்டியோடு ஆரம்பிக்கிறார்கள். கண்டிக்குப் போய்விட்டு மஹியங்கனை பதினெட்டு வளைவில் குடும்பத்தோடு இறங்கும்போது அந்த வேலையின் தரம் தெரியவரும். பாடசாலை விடும் நேரம் கேட் வாசலிலும் தெரியவரும்.

என்னுடைய யோசனை இது. கந்தூரிக்குக் கிடாரம், சஹன், கதிரை, பந்தல் என்று ஊருக்குப் பொதுவாக வைத்திருக்கிறோம். எந்த வீடும் தனக்கென்று கிடாரம் வாங்குவதில்லை. வருடத்துக்கு ஒரு நாள் தேவைப்படும் ஸ்டேண்டையும் டோர்க் ரெஞ்சையும் ஏன் அப்படி வைக்கக்கூடாது? பத்து வீடு சேர்ந்தால் போதும். இரண்டு ஜோடி ஸ்டேண்ட், நான்கு தடித்த பலகை, சக்கரத்துக்கு வைக்கும் கட்டை, ஒரு டோர்க் ரெஞ்ச், ஐந்து சொக்கெட், ஒரு பார், ஒரு கிளாம்ப். ஒரு கொப்பியில் பெயர் எழுதி எடுப்பது, இரண்டு நாளில் திருப்பித் தருவது. அமானிதம் என்று நினைத்துப் பாவிப்பது. வளைந்த ஸ்டேண்டை வெல்டிங் செய்து திரும்ப வைப்பதில்லை, எறிந்துவிடுவது. கராஜ் பாஸ் ஒருவர் ஒரு மாலை வந்து காட்டித் தந்தால் அவருக்குரிய கூலியைக் கொடுத்தே கூப்பிடுவோம்.

நான்கு பேர் ஏற்கெனவே சேருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மாஷா அல்லாஹ். சாமானை எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. பூட்டுப் போடக்கூடிய, மழை ஒழுகாத இடம் வேண்டும். ஹார்ட்வெயார் வைத்திருக்கும் காக்காமார் யாருடைய ஸ்டோரிலாவது ஒரு மூலை கிடைக்குமா? இன்ஷா அல்லாஹ் வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பேசிக்கொள்வோம்.