ஓர் அறைக்கு இரண்டு கதவு

"கையில் இருக்கும் டெலிபோன் திடீர் திடீரென்று ஸ்தம்பித்து நிற்கிறதே, உள்ளே என்னதான் நடக்கிறது?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். காரணங்கள் பல உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்றை இந்த வாரம் பார்ப்போம்.

2006-ம் வருஷம், கானடாவில் வான்கூவர் நகரம். கிரேடன் ஹோர் என்பவர் வீடு திரும்பியபோது லிப்ட் ஓடவில்லை. அதை இயக்கும் புரோகிராம் படுத்துவிட்டது. அவர் வீடோ 21-வது மாடியில்! படியேறிய மனிதருக்குப் புரோகிராம் எழுதுவதே தொழில். வெட்கமாக இருக்காதா? புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கத் தொடங்கினார். அதுதான் 'ரஸ்ட்'. முதல் முழுப் பதிப்பு 2015-ல் வந்தது. பல டெலிபோன்களுக்கு உயிர்நாடியான லினக்ஸ் கெர்னலுக்குள் அது 2022 டிசம்பரில் நுழைந்தது.

ரஸ்டின் சட்டம் எளிது. நினைவகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே சொந்தக்காரர். பார்ப்பதற்கு மட்டும் என்றால் பல பேருக்கு இரவல் தரலாம். மாற்றி எழுதுவதற்கு என்றால் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான். மீறினால், 'கம்பைலர்' என்ற பரிசோதகர் புரோகிராமை ஏற்பதே இல்லை.

ஆனால் கெர்னலில் ஒரு சங்கடம். நினைவகம் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட சிறு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒண்டுக் குடித்தன வீடு என்று வைத்துக் கொள்ளுங்களேன். குடித்தனக்காரருக்குக் கதவு எண் மட்டும்தான் தெரியும். எந்தக் கதவு எந்த அறைக்குப் போகிறது என்ற பதிவேடு கெர்னலின் கையில். அதில் தவறுதலாக ஒரே அறைக்கு இரண்டு கதவு எண் எழுதிவிட்டால்? ஒருத்தி தோசை மாவு கரைத்த பாத்திரத்திலேயே இன்னொருத்தி புளியைக் கரைப்பாள்! பரிசோதகரோ, 'கதவுகள் வேறு வேறுதானே' என்று பேசாமல் இருந்துவிடுவார். பதிவேட்டை அவர் பார்ப்பதில்லை.

இதற்கு என்ன வழி? பதிவேட்டில் கை வைக்கும் வரிகளை 'அன்ஸேப்' என்று குறித்து, வீட்டில் அரிவாள்மணையை வைப்பதுபோல் ஒரே மூலையில் ஒதுக்குகிறார்கள். அதைச் சுற்றி மூன்று காவல் போடுகிறார்கள்.

முதலாவது, காலி அறைக்கு ஒரே ஒரு சீட்டு. அதை நகலெடுக்க முடியாது. சீட்டைக் கொடுத்தால்தான் பதிவேட்டில் கதவு எண் ஏறும்.

இரண்டாவது, குடித்தனம் காலியானதும் பதிவு தானாகவே அழியும்.

மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய விலாசங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் தபால்காரரைப்போல, பிராஸஸரும் கதவு எண்களை நினைவில் வைத்திருக்கும். அங்கேயும் அழித்த பிறகே அறையை அடுத்தவருக்குத் தரவேண்டும். பிராஸஸர் நாலு இருந்தால் நாலு தபால்காரருக்கும் சொல்லியாக வேண்டும்! இல்லாவிட்டால் பழைய குடித்தனத்தின் கடிதம் புதியவர் மேஜையில் விழும். அந்தக் கடிதம் உங்கள் பாங்குக் கணக்கின் ரகசியச் சொல்லாகவும் இருக்கலாம் அல்லவா?

இது வீண் பயம் அல்ல. மைக்ரோஸாப்ட் கம்பெனி, தான் வருஷந்தோறும் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவிகிதம் நினைவகத் தவறுகளே என்று 2019-ல் சொல்லியிருக்கிறது.

லினக்ஸில் 'அன்ஸேப்' என்று எழுதுகிறவர், அது ஏன் ஆபத்தில்லை என்ற காரணத்தையும் மேலேயே எழுதி வைக்கவேண்டும். அந்த வாக்கு பொய்த்தால் எந்தப் பரிசோதகராலும் காப்பாற்ற முடியாது. ஆனாலும், வீடு முழுவதும் தேடுவதைவிட ஒரு மூலையைக் காவல் காப்பது சுலபம்தானே, சகோதரி?