ராதாபாய் கேட்ட இடம்

2025 மே மாதம் அனிதா ஆனந்த் கனடாவின் வெளியுறவு அமைச்சரானபோது நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்து குவிந்தது. தந்தை வழியில் தமிழ்நாட்டுக்காரர், தாத்தா வி. ஏ. சுந்தரம் காந்தியோடு நின்றவர் என்பது போதுமானதாக இருந்தது. அவர் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். சட்டப் பேராசிரியராக இருந்து 2019இல் ஓக்வில் தொகுதியில் ஜெயித்தவர். கொரோனா காலத்தில் அந்த நாட்டுக்குத் தடுப்பூசி வாங்கும் பொறுப்பைச் சுமந்தவர், பிறகு பாதுகாப்புத் துறையையும் நடத்தியவர். ஓட்டுப் போட்டவர்கள் ஓக்வில்காரர்கள். அவரை ஆளாக்கியதில் நமக்குப் பங்கு ஒன்றுமில்லை. ஆனாலும் பெருமையில் மட்டும் பங்கு கேட்கிறோம். அதே தகுதியோடு ஒரு பெண் நம் கொங்குச் சீமையிலேயே வாழ்ந்தபோது அவருக்கு என்ன கொடுத்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ராதாபாய் சுப்பராயன் என்ற பெயரை மேட்டுப்பாளையத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிழங்கு மண்டி வாசலில் ஏலம் முடிந்து அரசியல் பேசுகிற பெரியவர்களுக்கு அவருடைய கணவரைத் தெரியும். மகன்களையும் தெரியும்.

ராதாபாய் 1891இல் மங்களூரில் பிறந்தவர். அப்பா குத்மல் ரங்கராவ், ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததற்காகச் சொந்தச் சாதிக்காரர்களாலேயே ஒதுக்கப்பட்டவர். அந்தச் சாரஸ்வதப் பிராமண வீட்டுப் பெண், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயனுக்கு, ஒரு கொங்கு வேளாளக் கவுண்டருக்கு, வாழ்க்கைப்பட்டார். நூறு வருஷத்துக்கு மேலாகிறது. இன்றைக்கு அதே பக்கத்தில் அப்படி ஒரு கல்யாணம் என்றால் ஊர் எப்படிப் பேசும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியிலும் ராதாபாய் படித்தார்.

சுப்பராயன் ஏறிய படிகளைச் சொல்லிவிடலாம். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் சட்டமும் கல்வியும். விடுதலைக்குப் பின் இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதர், மத்தியில் போக்குவரத்து அமைச்சர், கடைசியில் மகாராஷ்டிர ஆளுநர். தூதரும் அமைச்சருமான வாழ்க்கை அந்த வீட்டுக்குள் நடந்தது, ஆணுக்கு. அவர் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. ஆனால் உலக அரங்கில் பேசிப் பேரம் நடத்தும் வேலைக்கு அந்த வீட்டிலிருந்து முதலில் போனது அவருடைய மனைவிதான்.

1930 நவம்பரில் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் எழுபதுக்கு மேற்பட்ட இந்தியப் பிரதிநிதிகள் இருந்தார்கள். பெண்கள் இருவர்: பஞ்சாபிலிருந்து பேகம் ஜஹானாரா ஷா நவாஸ், இங்கிருந்து ராதாபாய். வரப்போகும் சட்டமன்றங்களில் பெண்களுக்குச் சில காலத்துக்காவது இடம் ஒதுக்கியாக வேண்டும் என்று இருவரும் கேட்டார்கள். பெண்கள் அமைப்புகளே இதற்கு எதிராக இருந்தன. எல்லோருக்கும் வாக்குரிமை கொடுங்கள், சலுகை வேண்டாம், சமமாகப் போட்டியிட்டு வருகிறோம் என்பது அவர்கள் நிலை. கேட்க கம்பீரமாகத்தான் இருக்கிறது. 1931இல் இரண்டாவது மாநாட்டுக்கு சரோஜினி நாயுடு வந்தார். ஷா நவாஸும் அவரோடு சேர்ந்துகொண்டார். ராதாபாய் மட்டும் தன் இடத்தைவிட்டு நகரவில்லை. ஒதுக்கீடு இல்லாத பொதுத் தொகுதியில் எந்தக் கட்சி பெண்ணை நிறுத்தும், நிறுத்தினாலும் யார் ஜெயிக்க விடுவார்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். தத்துவம் பேசாமல் தேர்தலைத் தெரிந்தவர் பேசிய பேச்சு அது.

அவர்மீதான குறையையும் மறைக்க வேண்டியதில்லை. முதல் மாநாட்டைக் காங்கிரஸ் புறக்கணித்தது. உப்பு சத்தியாக்கிரகத்தில் பெண்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டில் அரசு நியமித்த பிரதிநிதியாக அவர் கப்பலேறினார். 1932இல் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த லோதியன் குழுவிலும் உட்கார்ந்தார். கடைசியில் வந்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் சொத்தோ படிப்போ உள்ள பெண்களுக்கும், சொத்துள்ளவனின் மனைவிக்கும் ஓட்டுக் கொடுத்தது. நம் பஞ்சாலைகளில் ஷிப்டு பார்த்த பெண்ணுக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் மாகாணச் சட்டமன்றங்களில் 41 இடங்கள் பெண்களுக்கு என்று எழுதியதும் அதே சட்டம்தான். 1937 தேர்தலில் அந்த 41க்கு வெளியே ஜெயித்த பெண்கள் சொற்பம். சமமாகப் போட்டியிட்டு வருகிறோம் என்றவர்களுக்குத் தேர்தலே பதில் சொல்லிவிட்டது. மறு ஆண்டு, 1938இல், ராதாபாய் மத்திய மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த அவைக்கு வந்த முதல் பெண் அவர். விடுதலைக்குப் பிறகு தூதரகம் எதற்கும் அவரை அனுப்பவில்லை, அமைச்சராகவும் கூப்பிடவில்லை. 1960இல் காலமானார்.

அமைச்சராகவும் தூதராகவும் இருந்த பெண் என்றால் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருபவர் விஜயலட்சுமி பண்டிட். 1937இல் ஐக்கிய மாகாணத்தில் உள்ளாட்சியும் பொதுச் சுகாதாரமும் பார்த்தார். 1944இல் கணவர் இறந்தபோது, ஆண் வாரிசு இல்லாத விதவை என்பதால் அன்றைய இந்துச் சட்டம் அவரைச் சொத்தில்லாமல் நிறுத்தியது. நேருவின் தங்கைக்கே அந்தக் கதி. 1946இல் ஐக்கிய நாடுகள் சபையில் தென்னாப்பிரிக்க அரசு இந்தியர்களை நடத்தும் விதத்துக்கு எதிராக மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுத் திரட்டினார். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன தமிழர்களின் பேரன் பேத்திகளுக்காகவும் அவர் வாதாடினார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. பிறகு மாஸ்கோ, வாஷிங்டன், 1953இல் பொதுச்சபைத் தலைமை, லண்டன். இவ்வளவுக்குப் பிறகும் மத்திய அமைச்சரவையில் அவருக்கு இடமில்லை. 1962 அக்டோபரில் மகாராஷ்டிர ஆளுநராக இருந்த சுப்பராயன் பதவியிலேயே இறந்தார். அந்த நாற்காலிக்கு அடுத்து வந்தவர் விஜயலட்சுமி.

நேருவின் தங்கையாக இல்லாத பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதை சி. பி. முத்தம்மாவிடம் பார்க்கலாம். குடகில் பிறந்து சென்னையில் படித்து, 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் வேலையை விட வேண்டும் என்று பெண்களுக்கு மட்டும் விதி இருந்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கண்டித்து எழுதிய தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

மறுபடியும் குமாரமங்கலத்துக்கு வருவோம். ராதாபாயின் மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் ஆனார், கோவையில் தொழிற்சங்கம் கட்டினார். 1957 தேர்தலில் அப்பா திருச்செங்கோட்டில் காங்கிரஸ் சார்பிலும், மகள் கோவையில் கம்யூனிஸ்ட் கட்சி சார்பிலும் ஜெயித்து ஒரே அவைக்குப் போனார்கள். 1973 மே மாதம் டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் அவர் அண்ணன், மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும், கோவை எம்.பி. பாலதண்டாயுதமும் இறந்தார்கள். அதனால் காலியான கோவைத் தொகுதியில் 1974 இடைத்தேர்தலில் பார்வதியே நின்று ஜெயித்தார். 1977இலும் ஜெயித்தார்.

அதற்குப் பிறகு கோவையிலிருந்து ஒரு பெண்கூட மக்களவைக்குப் போகவில்லை. நம் மேட்டுப்பாளையம் இருக்கும் நீலகிரி தொகுதி 1962இல் அக்கம்மா தேவியை அனுப்பியது. அவருக்குப் பின் 2024 வரை எல்லோரும் ஆண்கள். இத்தனைக்கும் கோவை மாநகராட்சிக்கு 2022இல் முதல் பெண் மேயர் வந்தார். அந்தப் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்ததால் வந்தார். ஒதுக்கிய இடத்தில் பெண் வருகிறார், ஒதுக்காத இடத்தில் வருவதில்லை. 1931இல் லண்டனில் தனியாளாக நின்று ராதாபாய் வாதிட்டது இதைத்தான்.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்று அதிலேயே பூட்டுப் போட்டுவிட்டார்கள். 2024 தேர்தல் அது இல்லாமலேயே நடந்தது. சீட்டுக் கொடுக்கக் கட்சிகளுக்குச் சட்டம் தேவையில்லை, மாவட்டச் செயலாளர்களுக்கு மனம் இருந்தால் போதும். அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு வேட்பாளர் பட்டியல் வரும்போது கோவை, நீலகிரி, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு ஆகிய ஐந்து தொகுதிகளில் எந்தக் கட்சி எத்தனை பெண்களை நிறுத்தியது என்று எண்ணி, கட்சிப் பெயரோடு இதே பக்கத்தில் அச்சிடுவோம்.