நான் பாதிதான் சொல்லிக்கொடுத்தேன்

பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு தப்பை ஒப்புக்கொள்வதற்காக எழுதுகிறேன், அதனால் நாலு வரியில் முடிக்க முடியவில்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு அந்தச் சார்ட் ஞாபகம் இருக்கும். ஸ்கெட்ச் பேனாவால் நானே வரைந்தது. ஒரு குண்டுக் கிருமி, அதற்கு இரண்டு கொம்பு, கோரைப்பல், கையில் ஒரு ஈட்டி. கீழே 'கிருமிகள் நம் எதிரிகள்' என்று கொட்டை எழுத்தில். "கிருமி எங்கே இருக்கு?" என்று நான் கேட்டால், "சாக்கடையில இருக்கு டீச்சர், ஈ மேல இருக்கு டீச்சர்" என்று கத்துவீர்கள். ஒருத்தராவது "எனக்குள்ள இருக்கு டீச்சர்" என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன், அல்லது பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

போன மாதம் என் பேரனுக்குச் சளி. நாலு வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போக, பிள்ளை என் பொறுப்பில் இருந்தான். மூக்கு ஒழுகல், லேசான காய்ச்சல், அவ்வளவுதான். இரண்டு மாதம் முன்பு காது வலிக்கு டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் சிரப் பிரிட்ஜில் பாதி இருந்தது. (ஐந்து நாள் கொடுக்கச் சொன்னதை, வலி நின்றுவிட்டதே என்று மூன்றாம் நாளே நிறுத்தியவள் நான்தான். அதுவே முதல் தப்பு.) அதை எடுத்துக் கொடுத்தேன். தீர்ந்ததும் காலிப் பாட்டிலை மெடிக்கலில் காட்டினேன். சீட்டு எங்கே என்று கேட்கவில்லை, புதுப் பாட்டில் கைக்கு வந்துவிட்டது.

நாலைந்து நாளில் பிள்ளைக்குப் பேதி. அதன் பிறகு சாப்பிட மாட்டேன் என்று அழுகை. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாக. துடைத்தாலும் போகவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிட இளையவள். "சளிக்கு எதுக்கும்மா ஆன்டிபயாடிக் கொடுத்தீங்க? சளி வைரஸால வர்றது, இந்த மருந்து வைரஸை ஒண்ணும் செய்யாது. வாயில காவலுக்கு இருந்த பாக்டீரியாவைத்தான் கொன்னுருக்கு. இப்ப பூஞ்சை ஏறிடுச்சு" என்றாள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். டீச்சர் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். மகள் போனில் எடுத்துக் கொடுத்ததும், பழைய மாணவர் ஒருவர் (இப்போது நுண்ணுயிரியல் பேராசிரியர்) அனுப்பியதும் சேர்த்து, இந்த வயதில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன்.

1683இல் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் ஊரில் லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி, தானே தேய்த்துச் செய்த லென்சில் தன் பல்லில் ஒட்டியிருந்த வெள்ளை அழுக்கை வைத்துப் பார்த்திருக்கிறார். அதற்குள் நெளிந்து ஓடும் சின்னஞ்சிறு உயிர்கள். வாழ்நாளில் பல்லே விளக்காத ஒரு கிழவரின் பல் அழுக்கையும் வாங்கிப் பார்த்தார். அங்கே இன்னும் கூட்டம். ஆக, மனிதன் முதன்முதலில் பாக்டீரியாவைப் பார்த்த இடங்களில் ஒன்று நம் வாய். நான் உங்களைச் சாக்கடைக்கு அனுப்பினேன்.

எண்ணிக்கையைக் கேளுங்கள். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் மனிதச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. இஸ்ரேலில் உள்ள வைஸ்மன் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட கணக்கு. நம் செல்லைப் போல் பத்து மடங்கு பாக்டீரியா என்று வாட்ஸ்அப்பில் வருவது பழைய கணக்கு, இனி அனுப்பாதீர்கள். இத்தனையும் சேர்ந்து எடை ஏறத்தாழ 200 கிராம்தான். பெரும்பகுதி பெருங்குடலில் குடியிருக்கிறது.

சும்மாவும் இருப்பதில்லை. கீரை, பயறு, வாழைத்தண்டு இவற்றின் நாரை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலில் அவை அதைப் புளிக்கவைத்து அமிலமாக மாற்றுகின்றன. அதில் ஓர் அமிலம்தான் பெருங்குடலின் உள்சுவர்ச் செல்களுக்கு முக்கிய உணவு. நாம் சாப்பிடுவதில் அவற்றுக்குப் பங்கு, அவை சமைப்பதில் நமக்குப் பங்கு.

என்னைத் திகைக்க வைத்தது தாய்ப்பால் சமாச்சாரம். தாய்ப்பாலில் சில சர்க்கரைகள் இருக்கின்றன, குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. பின்னே எதற்கு? குழந்தையின் குடலில் இருக்கும் பிஃபிடோ பாக்டீரியாவுக்கு. பெற்ற தாய் தன் பிள்ளைக்கு மட்டும் பால் கொடுப்பதில்லை, பிள்ளைக்குள் இருக்கும் குடித்தனக்காரர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கிறாள். இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தேன், பள்ளியில் அறிவியலும் எடுத்தேன், 66 வயதில் இது தெரிகிறது.

நம்மில் பலர் விவசாயக் குடும்பம், வயலை வைத்துச் சொன்னால் புரியும். பயிர் நெருக்கமாக நிற்கும் இடத்தில் களைக்கு இடமில்லை. நிலத்தைத் தரிசாகப் போட்டால் முதலில் வருவது பார்த்தீனியம். பேரன் வாயில் நடந்தது அதுதான். அந்தப் பூஞ்சை வெளியிலிருந்து வந்ததாகவும் இருக்க வேண்டியதில்லை, பலர் வாயில் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதான். பக்கத்து ஆள் இல்லாததால் பரவிவிட்டது. ஆன்டிபயாடிக்குக்கு இது வேண்டியவன், இது வேண்டாதவன் என்று முகம் பார்க்கத் தெரியாது.

உடனே 'நல்ல பாக்டீரியா' என்று போட்டு விற்கும் டப்பாக்களை வாங்க ஓடாதீர்கள். நல்லது, கெட்டது என்ற பேச்சிலேயே எனக்கு இப்போது சந்தேகம். ஈ.கோலை என்று பயமுறுத்துகிறார்களே, அதில் பெரும்பாலான வகைகள் குடலில் சாதுவாக இருக்கின்றன. அதே ஆள் சிறுநீர்ப் பாதைக்குப் போனால் எரிச்சலும் காய்ச்சலும். சீழ்க் கட்டியை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா, பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் மூக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அடுப்பில் இருந்தால் நெருப்பு, கூரையில் இருந்தாலும் நெருப்புதான். கொம்பு வரைந்து இதைச் சொல்லித்தர முடியாது.

கை கழுவாதே என்று டீச்சரே சொல்லிவிட்டார் என்று யாரும் கிளம்ப வேண்டாம்! சாப்பிடும் முன்னும் கழிப்பறை போய் வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும். சாதாரண சோப்பு போதும். 2016இல் அமெரிக்காவின் மருந்து நிர்வாகம், கிருமிநாசினி கலந்த கை கழுவும் சோப்புகள் சாதாரண சோப்பைவிட மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, டிரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருட்களை அவற்றில் சேர்க்கத் தடை போட்டது. இங்கே விளம்பரத்தில் இன்னும் கிருமியை லென்ஸ் வைத்துத் துரத்துகிறார்கள். அந்த ஓவியர் என் சார்ட்டைப் பார்த்திருப்பார் போல.

பாடப்புத்தகத்தைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தயிர், பயறுச் செடியின் வேர் முண்டு என்று 'நன்மை செய்யும் பாக்டீரியா' பற்றி இரண்டு வரி இருக்கத்தான் செய்தது. பரீட்சையில் வராது என்று நான்தான் வேகமாகத் தாண்டினேன். இட்லி மாவு பொங்குவதும் பாக்டீரியாவால் என்று அன்றே சொல்லியிருந்தால், சாக்கடைக் கூட்டத்துக்கு நடுவே ஒருத்தியாவது யோசித்திருப்பாள்.

இப்போது அப்பா அம்மாவாக இருக்கும் என் பிள்ளைகளிடம் கேட்கிறேன். சாதாரணச் சளிக்கு நீங்களாக ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், கடைக்காரர் கொடுத்தாலும். டாக்டர் எழுதினால் அவர் சொன்ன நாள்வரை கொடுங்கள், வேண்டுமா என்று அவரிடமே கேட்கவும் கூச்சப்படாதீர்கள். தண்ணீர் கலந்து குலுக்கிய சிரப் ஒன்று, மிஞ்சினால் இரண்டு வாரம்தான். மீதியை எடுத்து வைக்காதீர்கள். தேவையில்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், அந்த மருந்துக்குச் சாகாத பாக்டீரியா பிழைத்துப் பெருகும். சாகாமல் இருக்கும் வித்தையை அடுத்த பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். நாளைக்கு உண்மையிலேயே நிமோனியா வந்தால் எந்த மருந்தைத் தேடுவது?

என் பிரிட்ஜின் கதவுத் தட்டில் மொத்தம் மூன்று பாட்டில் இருந்தது. ஒன்றில் பெயரே அழிந்துவிட்டது.

நம் பள்ளியில் இப்போது இருக்கும் டீச்சருக்குப் போன் செய்தேன். சார்ட் இன்னும் சுவரில்தான் இருக்கிறதாம், ஓரம் மட்டும் கரையான் அரித்திருக்கிறதாம். வியாழக்கிழமை போய்க் கழற்றப் போகிறேன். படம் நன்றாக வரையத் தெரிந்த பிள்ளைகள் யாராவது ஊரில் இருந்தால் வாருங்கள், எனக்கு இப்போது கை நடுங்குகிறது.

பேரன் நன்றாக இருக்கிறான், நேற்று இரண்டு தோசை சாப்பிட்டான். இதைப் படித்துவிட்டுத் தனித்தனியாகப் போன் செய்ய வேண்டாம், அவன் தூங்கும் நேரம்.